ஹார்பர் வேலையில மேல ஏற ஏணி எங்க இருக்கு?

எங்க தெருவுல ஒரு பொண்ணு இருக்கா, காசிமேடு பக்கம், அவ அப்பா ஹார்பருக்குள்ள லாஷிங் வேலை, அதாவது கப்பல்ல கன்டெய்னர் பெட்டிங்களை கட்டி அவுக்கற வேலை பாக்கறவர். ப்ளஸ் டூ முடிச்சதும் ஒரு பயிற்சி மையத்துல மூணு மாசம் லாஜிஸ்டிக்ஸ் கோர்ஸ் போனா. ஃபீஸ் கிடையாது, சர்டிபிகேட்டும் குடுத்தாங்க, அதை லேமினேட் பண்ணி டிவிக்கு மேல வச்சிருக்காங்க. வேலை கிடைச்சது மாதவரத்துல ஒரு குடோன்ல, பார்கோட் ஸ்கேன் பண்ற வேலை, அதுக்கு அந்த சர்டிபிகேட்டை யாரும் கேக்கவே இல்ல. ரெண்டு பஸ் மாறி போய் வர்றதுக்கே சம்பளத்துல ஒரு பங்கு போச்சு, ஆறு மாசத்துல விட்டுட்டா. அவங்க வீட்டு மொட்டை மாடில நின்னா ஹார்பர் கிரேன் எல்லாம் வரிசையா தெரியும், ராத்திரில லைட்டு போட்டு நிக்கும்போது இன்னும் நல்லா தெரியும். "அண்ணே, அதுல உக்கார என்ன படிக்கணும்"னு ஒரு நாள் என்கிட்ட கேட்டா. எனக்கு உடனே பதில் சொல்ல தெரியல. அதுக்கப்புறம் தேடி, விசாரிச்சு, அவ அப்பா கூட உக்காந்து பேசி தெரிஞ்சுகிட்டதை எல்லாம்தான் இங்க எழுதறேன்.

துறைமுக வேலைக்கு பயிற்சி குடுக்கறோம், உள்ளூர் பசங்களுக்கு வாய்ப்பு குடுக்கறோம்னு நாட்டுல எல்லா துறைமுகமும் சொல்லுது. க்ளாஸ் நடத்தறது, சர்டிபிகேட் குடுக்கறது எல்லாம் பெரிய விஷயம் இல்ல. நிஜமான மெஷின் மேல உக்காந்து ஓட்டற மணி நேரம் யாருக்கு கிடைக்குது, அந்த ஒரு கேள்வியிலதான் சமவாய்ப்புங்கற வார்த்தைக்கு அர்த்தம் இருக்குனு நான் நினைக்கறேன். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி உள்ள என்னென்ன வேலை இருக்குன்னு பாத்துடலாம், வெளிய இருக்கறவங்களுக்கு ஹார்பர் வேலைன்னா மூட்டை தூக்கறதுன்னுதான் இன்னும் மனசுல இருக்கு.

கன்டெய்னர் கப்பல் வந்து கட்டினதும் முதல்ல மேல ஏறுறது லாஷிங் ஆளுங்க. டெக்ல அடுக்கி இருக்கற பெட்டிங்க கடல்ல ஆடி சரியாம இருக்க குறுக்கு மறுக்கா இரும்பு ராடு போட்டு கட்டியிருப்பாங்க, அந்த ராடு ஆளை விட நீளம், அதை ரெண்டு கையால தூக்கி தலைக்கு மேல பெட்டி மூலையில இருக்கற ஓட்டைக்குள்ள சரியா சொருகணும், கீழ டர்ன்பக்கிள்ங்கற திருகு கட்டைய திருகி இறுக்கணும். இறக்கும்போது இதே வேலை தலைகீழா. வெயில்ல இரும்பு கொதிக்கும், மழையில வழுக்கும், பக்கத்துலயே கிரேன் பெட்டிய தூக்கிட்டு போய்க்கிட்டு இருக்கும். அந்த பொண்ணோட அப்பாவுக்கு வலது தோள்பட்டை முழுசா மேல போகாது, சட்டை போடும்போது இடது கைய முதல்ல விட்டு அப்புறம் வலது பக்கத்தை மெதுவா இழுத்துக்குவார். 50 வயசு கூட ஆகல.

அவருக்கு அடுத்த படி, பெட்டிய அடுக்கி வைக்கற இடத்துக்கு, அதாவது யார்டுக்கு இழுத்துட்டு போற டிரைலர் டிரைவர், உள்ள ஐடிவின்னு சொல்லுவாங்க, ஹெவி லைசென்ஸ் வேணும். அதுக்கு மேல யார்டுல பெட்டி அடுக்கற ரீச் ஸ்டாக்கர், ஆர்டிஜி கிரேன் ஆபரேட்டர். எல்லாத்துக்கும் மேல கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல வேலை செய்யற பெரிய குவே கிரேன், சுமார் 40 மீட்டர் உயரத்துல கண்ணாடி தரை போட்ட கேபின், ஷிஃப்ட் முழுக்க குனிஞ்சு கீழ பாத்தபடியே ஓட்டணும், கழுத்து வலி அந்த வேலையோட கூடவே வரும், ஆனா சம்பளமும் மரியாதையும் அங்கதான். இது போக டேலி (பெட்டி கணக்கு எடுக்கறது), பிளானிங், மெயின்டனன்ஸ், எலக்ட்ரிகல், கேட் ஆபீஸ்னு தனியா ஒரு வரிசை.

பாக்க அழகா ஒரு ஏணி மாதிரி இருக்கு இல்ல? கீழ லாஷிங், மேல கிரேன். ஆனா அந்த அப்பா 20 வருஷத்துக்கு மேல லாஷிங் பண்ணியும் ஐடிவி ஸ்டீயரிங்கை தொட்டது கூட இல்ல. ஏன்னு புரிய கொஞ்சம் பின்னாடி போகணும்.

சுதந்திரத்துக்கு முன்னாடி இந்திய துறைமுகங்கள்ல வேலைக்கு ஆள் எடுத்தது மேஸ்திரி வழியாத்தான், மேஸ்திரிக்கு யாரை பிடிக்குதோ அவனுக்கு கூலி, கூலியில ஒரு பங்கு திரும்ப மேஸ்திரிக்கே போகும், கப்பல் வராத நாள்ல அடுப்பு எரியாது. இதை மாத்தத்தான் 1948ல டாக் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறை சட்டம் வந்துச்சு. அதன்படி பெரிய துறைமுகங்கள்ல டாக் லேபர் போர்டு அமைச்சாங்க, சென்னையிலயும் அமைச்சாங்க, அதுல அரசு, முதலாளிங்க, தொழிலாளர் மூணு தரப்புக்கும் இடம். தொழிலாளி பேரு பதிவேட்டுல இருக்கும், வேலை சுழற்சி முறையில வரும், வந்து காத்திருந்து வேலை கிடைக்கலேன்னா அதுக்கும் ஒரு தொகை உண்டு. இதுல இன்னொரு விஷயம் இருந்துச்சு, அதை யாரும் அவ்வளவா பேசறது இல்ல. எல்லாரும் ஒரே பதிவேட்டுல இருந்ததால சாதாரண மஜ்தூரா சேந்தவர் சீனியாரிட்டி வரவர சரக்கு தூக்கற மெஷினை ஓட்டற விஞ்ச் டிரைவராவோ, கூலி ஆளுங்க குழுவுக்கு தலைவரான டிண்டலாவோ மேல போக ஒரு வழி இருந்துச்சு. எங்க ஏரியாவுல பெரியவங்க சில பேர் கையெழுத்து போட மட்டும் தெரிஞ்சு உள்ள போய் விஞ்ச் டிரைவரா ரிட்டயர் ஆகியிருக்காங்க, அவங்க பிள்ளைங்கதான் இந்த தெருவுல முதல்ல காலேஜ் போனவங்க.

அந்த காலத்தை பொற்காலம்னு சொல்லிடவும் முடியாது. பதிவேட்டுல பேரு ஏறணும்னா உள்ள யாராவது சொந்தக்காரர் இருக்கணும், இல்ல சங்கத்துல ஆள் தெரிஞ்சிருக்கணும். பொம்பளைங்களுக்கு ஆபீஸ் வேலையும் பெருக்கற வேலையும் தவிர பெருசா ஒண்ணும் கிடையாது. அப்பா செத்தா பிள்ளைக்கு வேலைங்கறது அந்த குடும்பத்துக்கு ஆறுதல், ஆனா வெளிய நிக்கறவனுக்கு அதுவே பூட்டின கதவு.

அப்புறம் கன்டெய்னர் வந்துச்சு. 1983ல நாட்டோட முதல் தனி கன்டெய்னர் டெர்மினல் சென்னையிலதான் திறந்தாங்க. நூத்துக்கணக்கான பேர் நாள்கணக்குல இறக்கின சரக்கை ஒரு கிரேனும் சில பேரும் சில மணி நேரத்துல இறக்கிடலாம்னு ஆயிடுச்சு. 1997ல டாக் லேபர் போர்டுகளை துறைமுகத்தோட இணைக்கலாம்னு சட்டம் வந்து, 2001ல சென்னை டாக் லேபர் போர்டு துறைமுகத்தை நடத்தின போர்ட் டிரஸ்டோட சேந்துடுச்சு, அதே 2001ல கன்டெய்னர் டெர்மினலை 30 வருஷ ஒப்பந்தத்துல தனியாருக்கு குடுத்தாங்க, 2009ல ரெண்டாவது டெர்மினலும் தனியார்ல ஓட ஆரம்பிச்சது. 2011ல ஹைகோர்ட் உத்தரவால நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைய விட்டு போச்சு, ராயபுரம் பக்கம் துணி காயப் போட்டா கருப்பா வர்றது நின்னுச்சு, அது நல்லது, ரொம்ப நல்லது, ஆனா அந்த சரக்கை நம்பி இருந்த கூலி வேலையும் கூடவே போச்சு, அந்த ஆளுங்களுக்கு வேற வேலை சொல்லிக் குடுத்து மாத்தி விடறதை பத்தி அப்ப இந்த தெருக்கள்ல யாரும் வந்து பேசின ஞாபகம் எனக்கு இல்ல.

இந்த மாற்றத்துல ஏணி உடைஞ்சது எப்படின்னா, ஒவ்வொரு படியும் ஒவ்வொரு ஆள் கைக்கு போயிடுச்சு. லாஷிங் ஒரு கான்ட்ராக்டர், ஐடிவி டிரைவர் சப்ளை இன்னொரு கான்ட்ராக்டர், கிரேன் ஆபரேட்டர் மட்டும் டெர்மினல் கம்பெனியோட நேரடி ஆள். லாஷிங் கான்ட்ராக்டருக்கு தன்னோட நல்ல ஆளை டிரைவரா ஆக்கி அனுப்பறதுல என்ன லாபம்? ஒண்ணும் இல்ல, நஷ்டம்தான். டெர்மினலுக்கு அவன் தன் தொழிலாளியே இல்ல. ஒருத்தர் 20 வருஷம் கப்பல் மேல ஏறி எறங்கினவர், எந்த பெட்டி எப்படி சாயும், காத்து அடிச்சா எப்ப நிறுத்தணும்னு கண்ணாலயே சொல்லுவார், ஆனா அந்த அனுபவம் எந்த பேப்பர்லயும் பதிவு ஆகல. கான்ட்ராக்டர் மாறும்போது அதுவும் புதுசா ஜீரோல இருந்து ஆரம்பிக்குது.

இப்ப பயிற்சி பக்கம் வருவோம். நம்ம ஊர்ல படிப்புக்கு பஞ்சம் இல்ல. துறைமுக ஆளுங்களுக்கு பயிற்சி குடுக்கவே சென்னையில தேசிய துறைமுக மேலாண்மை நிறுவனம் இருந்துச்சு, 2008ல இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் வந்தப்ப அதோட சேந்துடுச்சு, இப்ப அங்க டிகிரி, எம்பிஏ எல்லாம் நடக்குது. மத்திய அரசு 2015ல துறைமுகங்களை வளக்கற சாகர்மாலா திட்டத்தை ஆரம்பிச்சப்ப கடலோர மக்களோட முன்னேற்றமும் அதுல ஒரு தூண்னு எழுதி வச்சாங்க, கடலோர மாவட்டங்கள்ல தீனதயாள் உபாத்யாயா திட்டத்தோட சேத்து திறன் பயிற்சியும் குடுக்கறாங்க. ஆனா அந்த தீனதயாள் திட்டம் கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்கானது. துறைமுகத்து சுவரை ஒட்டி இருக்கற காசிமேடும் ராயபுரமும் மாநகராட்சி எல்லைக்குள்ள இருக்கு, அதனால அந்த வாசல் வழியா எங்க பசங்க போக முடியாது. தமிழ்நாடு அரசு 2022ல ஆரம்பிச்ச நான் முதல்வன்ல காலேஜ் பசங்களுக்கு நிறைய கோர்ஸ் இருக்கு, நல்ல விஷயம்தான்.

இதெல்லாம் முடிச்சு வெளிய வர்றவங்க எங்க முட்டிக்கறாங்கன்னு பாருங்க. கிரேன் ஆபரேட்டர் வேலைன்னா அனுபவம் கேப்பாங்க. அனுபவம் எங்க கிடைக்கும்? ஓடற டெர்மினல்ல, சீனியர் ஆபரேட்டர் பக்கத்துல உக்காந்து, கப்பல் இல்லாத நேரத்துல காலி பெட்டிய தூக்கி வச்சு வச்சு பழகினாத்தான். சிமுலேட்டர்ல கை பழகும், ஆனா நிஜ காத்துல பெட்டி ஆடும்போது கயிறு பிடிமானத்தை உணர்றது சிமுலேட்டர்ல முழுசா வராது. அந்த மணி நேரத்தை குடுக்க டெர்மினலால மட்டும்தான் முடியும், அரசு பயிற்சி மையத்தால முடியாது. அப்ப அது யாருக்கு கிடைக்கும்? ஏற்கெனவே வேற துறைமுகத்துல ஓட்டினவருக்கு, இல்ல உள்ள ஆள் தெரிஞ்சவருக்கு. சர்டிபிகேட் வச்சிருக்கற எங்க தெரு பொண்ணுக்கு கேட் பாஸே கிடையாது.

பணம் இன்னொரு தடை. தினக்கூலி வீட்டுல 19 வயசு பையன் மூணு மாசம் க்ளாஸ் போனா அந்த மூணு மாச கூலி வீட்டுக்கு வராது. ஃபீஸ் இல்லேன்னா இலவசம்னு அர்த்தம் இல்ல. பஸ் செலவு, சாப்பாடு, வீட்டு வாடகைக்கு அவன் போடற பங்கு, இதெல்லாம் சேத்தா அவனுக்கு அது பெரிய செலவு. பொண்ணுங்களுக்கு இதுக்கு மேல கப்பல் பக்கம் டாய்லெட் எங்க, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வண்டி உண்டா, அளவான சேஃப்டி ஷூ கிடைக்குமான்னு நூறு கேள்வி. ஷூ சைஸ் சின்ன விஷயமா தெரியலாம், பெரிய ஷூவை போட்டுகிட்டு கிரேன் படிக்கட்டுல ஏறினா கால் தடுக்கும்.

இதை எல்லாம் மீறி நடந்த ஒரு காரியத்தையும் சொல்லணும். கேரளாவுல விழிஞ்ஞம், நம்ம கன்னியாகுமரி மாவட்ட எல்லையில இருந்து ரொம்ப தூரம் இல்ல. அங்க 2024 டிசம்பர்ல துறைமுகம் வணிக ரீதியா ஓட ஆரம்பிச்சது. அங்க யார்டு கிரேனுக்குள்ள யாரும் உக்கார மாட்டாங்க, கட்டடத்துல ஒரு ரூம்ல ஸ்கிரீனும் ஜாய்ஸ்டிக்கும் வச்சு தூரத்துல இருந்தே ஓட்டறாங்க. அப்படி ஓட்டறவங்கள்ல 9 பேர் பெண்கள், அதுல பெரும்பாலானவங்க விழிஞ்ஞமும் சுத்துப்பட்டு ஊர்களும், மீனவர் வீட்டு பொண்ணுங்களும் அதுல உண்டு. இந்தியாவுல தானியங்கி யார்டு கிரேனை பெண்கள் ஓட்டறது அதுதான் முதல் தடவை. அவங்க யாரும் முன்னாடி துறைமுகத்துல இருந்தவங்க இல்ல, துறைமுகமே பயிற்சி குடுத்து அதே மெஷின்ல உக்கார வச்சுது. அனுபவம் இல்லாதவங்களுக்கு மெஷின் மணி நேரத்தை குடுத்தா அவங்களால முடியுமான்னு கேக்கறவங்களுக்கு இதுக்கு மேல பதில் வேண்டாம்.

ஆனா இதே விழிஞ்ஞத்துலதான் 2022 ஆகஸ்ட்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மீனவர்கள் துறைமுக வாசல்ல உக்காந்து போராடினாங்க, கடல் அரிப்புல வீடு போச்சு, மறுவாழ்வு குடு, மீன்பிடி தொழிலுக்கு வழி சொல்லுன்னு. 9 பேருக்கு கிரேன் கிடைச்சதுல எனக்கு முழு சந்தோஷம், அந்த 9 பேரோட வீட்டுல பக்கத்து வீட்டுல ஒவ்வொரு சின்னப் பொண்ணும் அதை பாத்து வளருவா. ஆனா வலை வச்சிருந்தவரும் மீன் வித்த அம்மாவும் ஜாய்ஸ்டிக் பக்கம் வர முடியாது, படிச்ச பொண்ணுங்களுக்குத்தான் அந்த இடம், மெஷின் தானா ஓட ஓட இடமும் குறையும். அதனால துறைமுகம் எத்தனை பேருக்கு வேலை குடுத்துச்சுன்னு கேக்கும்போதே யாரோட பொழப்பு அதுக்காக போச்சுன்னும் சேத்து கேக்கணும். நம்ம பக்கம் எண்ணூருக்கு வடக்க இருக்கற காட்டுப்பள்ளி துறைமுகத்துல அந்த அனுபவம் இருக்கு, கடற்கரைய விட்டு இடம் மாறின குடும்பங்களுக்கு வேலைன்னு சொன்னாங்க, கிடைச்சது ஒப்பந்த வேலைதான், நிரந்தரம் பண்ணுங்கன்னு அவங்க எத்தனையோ தடவை தெருவுக்கு வந்துட்டாங்க.

வேற எங்கயாவது இந்த ஏணி சரியா இருக்கான்னு தேடினா எல்லாரும் அமெரிக்க மேற்குக் கரைய காட்டுவாங்க, அது ஏன்னு பாக்கலாம். அங்கயும் ஆரம்பத்துல மேஸ்திரி கதைதான், காலையில துறைமுகத்து வாசல்ல கும்பலா நிக்கணும், கங்காணி கை காட்டினவன் மட்டும் உள்ள. 1934ல 83 நாள் ஸ்டிரைக் பண்ணாங்க, ஜூலை 5ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவுல போலீஸ் சுட்டு ரெண்டு பேர் செத்தாங்க. அந்த ஸ்டிரைக்குக்கு அப்புறம் வேலை பிரிச்சு குடுக்கற ஹாலை சங்கமும் கம்பெனிகளும் சேந்து நடத்தணும்னு தீர்ப்பு வந்துச்சு, ஆளை கூப்பிடறவர் சங்கத்து ஆள். முறை ரொம்ப எளிமையானது: யாரு இதுவரை குறைஞ்ச மணி நேரம் வேலை பாத்திருக்காரோ அவருக்கு அடுத்த வேலை. வேலை பாத்த ஒவ்வொரு மணி நேரமும் ஆள் பேர்ல பதிவு ஆகும், எந்த கம்பெனிக்கு பாத்தாலும் அதே கணக்குல சேரும். அந்த மணி நேரக் கணக்கை வச்சுத்தான் தற்காலிக ஆள் பதிவு பெற்ற ஆளா ஆவார், கிரேன் பயிற்சிக்கும் வரிசை வரும். 1960ல மெஷினை ஏத்துக்கறோம், பதிலுக்கு வேலை பாதுகாப்பும் பென்ஷனும் குடுங்கன்னு ஒப்பந்தமும் போட்டாங்க. நம்ம லாஷிங் அப்பாகிட்ட இல்லாதது அந்த ஒரே கணக்குதான்.

அங்கயும் கதவு தானா திறக்கல. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள்ல பொம்பளைங்களை எடுக்கவே மாட்டேன்னு இருந்தாங்க, பெண்கள் கோர்ட்டுக்கு போய், 1983ல கோர்ட் ஒப்புதலோட ஏற்பட்ட உடன்பாட்டுக்கு அப்புறம்தான் எண்ணிக்கை கூடுச்சு. 2004ல அங்க 3,000 தற்காலிக இடத்துக்கு குலுக்கல் வச்சப்ப 3 லட்சத்துக்கும் மேல விண்ணப்பம் வந்துச்சாம், அப்படி ஜெயிச்சு உள்ள வந்தவங்களும் முழு பதிவுக்கு வருஷக்கணக்கா காத்திருந்தாங்க, அந்த காலம் முழுக்க வேற ஒரு வேலையும் சேத்து பாக்கணும். சுவருக்கு வெளிய லாரி ஓட்டறவங்களுக்கு இந்த ஏணியில இடமே இல்ல, அவங்களை தனி வியாபாரின்னு கணக்கு காட்டறதை எதிர்த்து அங்க இன்னிக்கும் வழக்கு நடக்குது. நம்ம எண்ணூர் ரோட்டுல நாள்கணக்குல லாரிக்குள்ளயே சமைச்சு சாப்பிட்டு கேட்டுக்கு காத்திருக்கற டிரைவர்களை பாத்தவங்களுக்கு இது புரியும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1973லயே துறைமுகத் தொழிலாளர் ஒப்பந்தம், எண் 137ன்னு ஒண்ணு போட்டுச்சு, தொழிலாளரை பதிவு பண்ணுங்க, நிரந்தரமான வேலைக்கு வழி பண்ணுங்க, தொழிற்பயிற்சியும் அவங்களுக்கு உண்டுன்னு. இந்தியா அதுல இன்னும் சேரல. 2021ல வந்த பெருந்துறைமுக ஆணையச் சட்டத்துல ஊழியர் சார்பா ரெண்டு பேர் வாரியத்துல இருக்கணும்னு இருக்கு, ஆனா சட்டம் சொல்றது துறைமுக ஆணையத்தோட ஊழியர்களை. டெர்மினலுக்குள்ள கான்ட்ராக்டர் கிட்ட வேலை பாக்கற லாஷிங் ஆளு அந்த கணக்குல வர மாட்டார். இன்னிக்கு கப்பல் மேல ஏறுறதே அவர்தான்.

எனக்கு தோணுறதை சொல்றேன். டெர்மினலுக்கு 30 வருஷ ஒப்பந்தம் போடும்போது எத்தனை பெட்டி, எவ்வளவு வருமானம்னு எழுதறாங்க. அதே ஒப்பந்தத்துல வருஷத்துக்கு எத்தனை மெஷின் மணி நேரத்தை பயிற்சிக்கு ஒதுக்கணும்னு எழுதலாம். லாஷிங், ஐடிவி ஆளுங்களோட அனுபவத்தை கான்ட்ராக்டர் மாறினாலும் மாறாத ஒரே பதிவேட்டுல போடலாம், அந்த வரிசைப்படி மேல் பயிற்சிக்கு கூப்பிடலாம். பயிற்சி நாளுக்கு தினக்கூலி அளவாவது குடுக்கணும், இல்லேன்னா வசதி இருக்கற வீட்டு பிள்ளைங்க மட்டும்தான் வருவாங்க. வருஷம் முடிஞ்சதும் எத்தனை பேருக்கு சர்டிபிகேட் குடுத்தோம்னு சொல்றதோட நிறுத்தாம, கீழ் படியில இருந்து மேல் படிக்கு எத்தனை பேர் போனாங்க, அதுல பெண்கள் எத்தனை, துறைமுகத்தை ஒட்டின வார்டுகள்ல இருந்து எத்தனைன்னு வெளிய போடணும். இதுல எதுவுமே நடக்காத காரியம் இல்ல, 1948ல பதிவேடு போட்ட நாடு இது.

அந்த பொண்ணுக்கு நான் கடைசியில சொன்ன பதில் சுருக்கம்தான். கிரேனுக்கு நேரா போற வழி உனக்கு இப்ப இல்லம்மா, ஐடிவி டிரைவரா உள்ள போக முடியுமான்னு பாரு, அதுக்கு ஹெவி லைசென்ஸ் வேணும், அதுக்கு முன்னாடி கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கணும்னு. அவ அப்பா ரொம்ப நேரம் பேசல, அப்புறம் லாரி ஓட்டற பொண்ணை உள்ள விடுவாங்களான்னு கேட்டார், விழிஞ்ஞத்து பொண்ணுங்க போட்டோவை போன்ல காமிச்சேன், கண்ணாடி எடுத்து போட்டுகிட்டு பாத்தார். டிரைவிங் ஸ்கூல் ஃபீஸை ரெண்டு தவணையா அவரே கட்டினார். கார் லைசென்ஸ் போன மாசம் வந்துடுச்சு, ஹெவிக்கு இன்னும் 11 மாசம் இருக்கு.